கதவுல ஒரு கீறல் கிடையாது

அண்ணே, இந்தப் பையை மேல வச்சுக்கட்டுமா? உங்க பை நசுங்காது, பாத்துத்தான் வைக்கிறேன். உள்ள ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு சின்னப் பாவாடை சட்டையும், ஒரு ஜோடிக் கம்மலும். எம் மகளுக்கு.

கையில சுத்தியிருக்கிற கட்டுத்துணியையே பாக்குறீங்க. தொழில்ல பட்டதுதான். பழைய கட்டடம் இடிக்கிற காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யிறேன், வத்தலக்குண்டுல. சுத்துப்பட்டுல எவன் பழைய வீட்ட இடிச்சுட்டு மாடி கட்டணும்னாலும் நம்மளத்தான் கூப்பிடுவாய்ங்க. இடிக்கிறதுல என்னண்ணே இருக்கு, அதை எவனும் இடிப்பான். மர நிலையும் கதவும் சேதாரமில்லாம வெளிய வரணும், அதுதான் வேலை. கதவைத் தொடவே கூடாது. நிலையைச் சுத்தி இருக்கிற சுவத்த மட்டும் ஓரமா, நிதானமா உடைச்சுக்கிட்டே வரணும். கடைசியில நிலை கதவோட சேந்து வந்து உங்க தோளுல சாஞ்சுக்கும். அதை எங்கிட்டப் படிச்சவய்ங்கதான் இன்னைக்குப் பாதிப்பேரு தனியா காண்ட்ராக்ட் எடுக்கிறாய்ங்க.

இதை ஏன் உங்ககிட்டச் சொல்றேன்னா, காரணம் இருக்கு.

இன்னைக்கு மதுரையில கோர்ட்டு, அதுக்குத்தான் இந்த பஸ்ஸுல போறேன். டைவர்ஸ் கேசு. டைவர்ஸ்கூடப் பரவாயில்ல, போறவ போறான்னு விட்டுறலாம். புள்ள யாருக்குங்கிறதுலதான் இழுத்துக்கிட்டு நிக்கிது. ஜட்ஜம்மா இன்னைக்குப் புள்ளையத் தனியா உள்ள கூப்பிட்டு, நீ யாருகிட்ட இருக்கப் போறத்தான்னு கேக்கப் போறாங்களாம். கனிஷ்கான்னு பேரு. ஏழு முடியப் போகுது. எங்கப்பாகிட்டன்னு சொல்லிரும், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தாலும் நேத்துல இருந்து சோறு இறங்கலண்ணே. நீங்க வெளியாளு. நடந்ததைச் சொல்றேன், யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எம் பொண்டாட்டி பாண்டீஸ்வரி. குத்தம் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் பொங்கிப் போட்டா, வீட்ட நல்லாத்தான் வச்சிருந்தா. ஆனா வாய். நான் ஒரு வார்த்தை பேசுனா அவளுக்கும் ஒரு வார்த்தை இருக்கும். ஒண்ணு வச்சா அடங்கிருவா. எந்த வீட்டுல இல்லாதது சொல்லுங்க. தெனமுமா அடிச்சேன்? கோவம் வந்த நாளுலதான் அடிச்சேன். அந்தச் சமயம் தொழில் சரியில்ல, கோவம் கொஞ்சம் அடிக்கடி வந்துச்சு. அது வேற விசயம்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, பள்ளிக்கூடத்துல பாப்பாவுக்கு டான்ஸு. நான் வேலையில இருக்கேன். இவ எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவ தம்பி வண்டியில ஏறிப் போயிட்டா. சுருளிவேல்னு பேரு, என் மச்சினன். அவனப் பத்தி அப்புறம் சொல்றேன், அவன்தான் இந்தக் கேசுக்கே மூலம். சாயங்காலம் வந்தவகிட்ட எவனக் கேட்டுடி போனன்னேன். வேலை நேரத்துல போன் பண்ணுனா நீங்க திட்டுவீங்கல்லங்கிறா. பதிலப் பாருங்க. கையில கொழம்புச் சட்டி இருந்துச்சு, எறிஞ்சேன். அது சுவத்துல பட்டுத் தெறிச்சுச்சு, அவ மேல கொஞ்சம். அப்புறம் ஒண்ணு வச்சேன். உதடு கிழிஞ்சுபோச்சு. ஒடனே புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ரூமுக்குள்ள போயி தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டா.

எங்க வீட்டுல, எனக்கு எதிர, தாழ்ப்பாளு. நான் மரியாதையாத்தான் கூப்பிட்டேன். கதவைத் தொறடின்னேன். தொறக்கல. திரும்பவும் சொன்னேன், தொறக்கல. உள்ள இருந்து போன் பண்ற சத்தம் கேக்குது, தம்பி தம்பிங்கிறா. வாசல்ல வண்டி நிக்கிது, அதுல சம்மட்டி கெடக்கு. எடுத்தாந்தேன்.

இங்கதான் கேளுங்க. அந்தக் கதவு செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்ட இடிச்சப்ப எனக்குன்னு ஒதுக்குன தேக்கு. நிலையில யானை செதுக்கியிருக்கும். அதுல ஒரு அடி வைக்க எனக்கு மனசு வருமா? வரல. எம்புட்டுக் கோவத்துலயும் நிதானம் தப்பல. நிலை ஓரமா மேல இருந்து ஆரம்பிச்சேன். பூச்சு விழுந்துச்சு, செங்கல் விழுந்துச்சு. உள்ள அவ கத்துறா, தெருவே வாசல்ல நிக்கிது, எனக்கு ஒண்ணும் காதுல விழல. வேலைன்னு வந்துட்டா நான் அப்படித்தான். நிலை கதவோட வந்து என் தோளுல சாஞ்சுச்சு. அலுங்காம எடுத்து எதுத்த சுவத்துல சாத்தி வச்சுட்டுத்தான் உள்ளயே போனேன். போயி அவளுக்கு ரெண்டு மூணு வச்சேன், அது இருக்கட்டும்.

ஸ்டேசன்ல என்னன்னு எழுதிக் குடுத்திருக்கா தெரியுமா? கதவை உடைச்சு உள்ள வந்து அடிச்சார்னு. பொய்யிண்ணே. பச்சைப் பொய். எஸ்.ஐ.யக் கையப் பிடிச்சுக் கூப்பிடாத குறை, வந்து பாருங்கய்யா, கதவுல ஒரு கீறல் காட்டுங்க, நான் இந்த ஊர விட்டே போறேன்னேன். அந்தாளும் வந்தாரு. கதவைத் தடவிப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்து, சுவரு எங்கய்யான்னாரு. சுவரு போனா கட்டிக்கலாம். கதவு?

பாப்பாவா? பாப்பா கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. முடியெல்லாம் சுண்ணாம்புத் தூளு. வெளிய வாத்தான்னு கைய நீட்டுனேன். சட்டுனு குனிஞ்சு ரெண்டு கையையும் தலைக்கு மேல வச்சுக்கிச்சு. அது எப்பவும் அப்படித்தான். நான் கையத் தூக்குனாப் போதும், தலை தன்னால குனிஞ்சிரும். நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா டிவிய நிப்பாட்டிட்டுச் சுவரோரமா நிக்கும், உக்காருன்னு சொன்னாத்தான் உக்காரும். அம்புட்டு மரியாதை. இந்தக் காலத்துல எந்தப் புள்ள பெத்தவனுக்கு இந்த மரியாதை குடுக்குது?

அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. புள்ளையும் போச்சு. கேசும் வந்துச்சு.

அதுக்கப்புறம் நான் பட்ட பாட்ட எந்தக் கோர்ட்டுலயும் எவனும் கேக்கலண்ணே. வீட்டுக்குள்ள போவேன். உள்ரூமுல சுவரு இல்லாத ஓட்டை. அது வழியா பாப்பா பாய் தெரியும். அந்தப் பாயில படுத்துப் பாத்தேன், காலு வெளிய நீட்டுது. சுருட்டி மடக்கிப் படுத்துக்கிட்டு அழுவேன். ஆம்பளை அழுதேன்னு சொல்றேன், சிரிச்சுக்கங்க.

கோர்ட்டுல கவுன்சிலிங் அம்மா ஒருத்தவுங்க இருந்தாங்க. நல்லவுங்க. கோவம் வந்தா அந்த எடத்த விட்டு வெளிய போங்க, பச்சத் தண்ணி குடிங்க, கைக்கு ஏதாவது வேலை குடுங்கன்னாங்க. மத்ததெல்லாம் நமக்கு ஒத்துவரல. கைக்கு வேலைங்கிறது பிடிச்சுப் போச்சு. கோவம் வந்தா நேரா வேலை நடக்கிற எடத்துக்குப் போவேன், ஆளுக கையில இருந்து சம்மட்டிய வாங்குவேன். மொத அடியில பாண்டீஸ்வரி மூஞ்சி தெரியும். அப்புறம் சுருளி மூஞ்சி. அவ வக்கீலு மூஞ்சி. அடிக்க அடிக்க நெஞ்சு லேசாகும். ஆளுகளுக்குச் சந்தோசம், முதலாளியே வேலையப் பாத்துர்றாருன்னு.

ஒரு நாளு நிலக்கோட்டையில வேலை. கோர்ட்டுல வாய்தா வாங்கிட்டு நேரா அங்க போயி இறங்குன கோவத்துல, எதுன்னு பாக்காம ஒரு சுவத்த இடிக்க ஆரம்பிச்சுட்டேன். அது பொதுச் சுவரு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிறது. செங்கல் சரிஞ்ச பெறகு பாத்தா, அங்கிட்டு அடுத்த வீட்டு அடுப்படி. அந்தம்மா தோசைக்கரண்டியோட நிக்கிது. கல்லுல தோசை, தோசை மேல செங்கப்பொடி. கீழ ஒரு பொம்பளப் புள்ள தட்டோட உக்காந்திருக்கு, எம் புள்ள வயசு. சம்மட்டியப் போட்டுட்டு அந்த ஓட்டையிலயே உக்காந்து அழுதேன். அந்தம்மா கத்த ஆரம்பிச்சது, அப்புறம் நிறுத்திட்டு எனக்குத் தண்ணி குடுத்துச்சு. எம் பொண்டாட்டிக்கு அந்த மனசு இல்ல பாத்தீங்களா.

சரி, சுருளி கதைக்கு வர்றேன். பஸ்ஸு சமயநல்லூரு வந்துருச்சு, வெரசாச் சொல்லிர்றேன்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை புள்ளையக் கூட்டிட்டுப் போயி வச்சுக்கலாம், பொழுதோட திருப்பி விட்டுறணும்னு கோர்ட்டுல சொல்லியிருந்தாங்க. கூட்டிட்டுப் போவேன், பரோட்டாக் கடையில உக்கார வைப்பேன். என்னத்தா வேணும்னு கேட்டா, நீங்க சொல்றதுப்பாங்கும். ஒரு அடம் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. எலை ஓரத்துல ஒரு துணுக்கு சிந்தினாக்கூட என் மூஞ்சியப் பாக்கும்.

இதுக்கு இன்னும் காது குத்தல. சின்னதுல சாமிக்கு நேந்து வச்சது, வருசா வருசம் தள்ளிக்கிட்டே போச்சு. எங்கள்ல ஒத்தப்படை வயசுலதான் குத்தணும். ஏழு முடிஞ்சு எட்டு வந்துட்டா அப்புறம் ஒம்பது வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள கோர்ட்டுல என்ன ஆகுமோ. குத்துனா குலசாமி கோயில்ல கெடா வெட்டித்தான் குத்தணும். ஆனா தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் குத்தணுமே. தாய்மாமன் யாரு? சுருளி. என் குடியக் கெடுத்தவன் மடியில எம் புள்ளைய நான் உக்கார வைப்பனா?

யோசிச்சேன். எங்கிட்ட வேலை பாக்குறவன் பால்ச்சாமின்னு ஒருத்தன். அவனுக்குப் புது வேட்டி எடுத்துக் குடுத்து, நீதான்டா இன்னைக்கு மாமன்னேன். தாய்மாமன் சீரு வரணுமே, அதையும் நானே வாங்கி, பழத்தட்டு, பட்டுப் பாவாடை, தங்கக் கம்மல் எல்லாத்தையும் அவன் கையில குடுத்து, அவன்கிட்ட இருந்து நானே வாங்கிக்கிட்டேன். முறை தப்பக் கூடாதுல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில பாப்பாவ நேரா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். கெடாக் குட்டிக்கு அதுதான் அகத்திக்கீரை குடுத்துக்கிட்டு இருந்துச்சு, கழுத்தத் தடவிக்கிட்டு. நல்ல சகுனம்னு நெனச்சேன். பூசாரி தண்ணி தெளிச்சாரு, கெடா தலையை ஆட்டுச்சு. நானே வெட்டுனேன். ஒரே வெட்டு. பாவாடையில ரெண்டு சொட்டுத் தெறிச்சுச்சு. அது அழவே இல்லண்ணே. அப்படியே நின்னுச்சு, கீரைக்கட்டக் கையில பிடிச்சுக்கிட்டு. என் ரத்தம்லன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன்.

காது குத்துற ஆசாரி ஊசியும் கையுமா வந்து, தாய்மாமன் மடியில உக்காருத்தான்னாரு. பால்ச்சாமி மடியில தூக்கி வச்சோம். அப்பத்தான் அது வாயத் தொறந்துச்சு. "இவரு வேலைக்கு வர்ற அண்ணன். எங்க மாமா எங்கப்பா?"

ஆசாரி ஊசியக் கீழ வச்சுட்டாரு. மாமன் இல்லாம நான் குத்த மாட்டேன், பாவத்துல போகும்ங்கிறாரு. குத்துய்யான்னேன். குத்துனாரு. கெடா வெட்டுன அருவாளை நான் கீழ வைக்க மறந்துட்டேன், அதைக் காட்டி மிரட்டுனேன்னு கேசுல எழுதிட்டாய்ங்க. ஒரு காது குத்திக் கம்மலும் மாட்டியாச்சு. மறு காதுக்குத் திருப்புறதுக்குள்ள வண்டிச் சத்தம்.

சுருளி. பால்ச்சாமிதான் போன் பண்ணி விட்டிருக்கான். சோறு போட்டவனுக்குச் செய்யிற வேலையப் பாருங்க.

வந்தவன் சண்டைக்கு வரல. அதுதான் அவன் தந்திரம். செருப்பக் கழட்டிட்டு, கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். "மச்சான், நான் எதையும் நிறுத்த வரல. புள்ளைய என் மடியில குடுங்க. காதக் குத்தி முடிச்சுட்டு நான் பாட்டுக்குப் போயிர்றேன். உங்க சோத்துலகூடக் கை வைக்கல." அத்தனை சனத்துக்கும் முன்னால என்னைச் சின்னவனாக்கி, அவன் பெரிய மனுசனாகுறான். தாங்க முடியுமா? அருவாளைப் போட்டுட்டேன், அந்த நிதானம் எனக்கு இருந்துச்சு, அதை யாரும் எழுதல. கையாலதான் குத்துனேன். மூக்கெலும்பு ஒடைஞ்சது எனக்கே கேட்டுச்சு. சட்டையெல்லாம் ரத்தம் வழிய, திருப்பி ஒரு அடி அடிக்கல அவன். அடிக்கவும் தெரியாது. புள்ள கிட்டப் போயி அதுகிட்டக் கைய நீட்டுறான். அதுவும் பால்ச்சாமி மடியில இருந்து எறங்கி ஓடுது அவன்கிட்ட. அந்த எடத்துல எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு.

நான் ஒரு கையப் பிடிச்சேன். அவன் ஒரு கையப் பிடிச்சிருந்தான். நான் இழுத்து நெஞ்சோட அணைச்சேன். புதுக் கம்மல் என் சட்டைப் பொத்தான்ல மாட்டிக்கிச்சு. எனக்கு அது தெரியாது. அவனும் இழுக்குறான், நானும் இழுக்குறேன். அப்ப புள்ள கத்துச்சு. அதுக்கு அம்புட்டுச் சத்தம் இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அந்தச் சத்தத்துல சுருளி கைய விட்டுட்டான். பயந்தாங்கொள்ளி. ஒரு சின்னப்புள்ள கத்துனதுக்கே விட்டுட்டு நிக்கிறான்.

நான் விடல. பெத்தவன் விடுவானா?

காது கிழிஞ்சது அப்பத்தான். தையல் போட்டுச் சரியாயிருச்சுன்னு சொல்றாய்ங்க, நான் இன்னும் பாக்கல. அன்னைக்கு அதுக்கப்புறம் நான் சுருளியப் போட்டு மிதிச்சதுல அவனுக்குத் தோள்பட்டை எலும்பும் போச்சு. நாலு பேரு சேந்து என்னைப் பிடிச்சுத் தூண்ல கட்டுனாய்ங்க. எங்க குலசாமி கோயில்ல, என் கெடாக்கறிச் சோறு வெந்துக்கிட்டு இருக்கும்போதே, என்னையக் கட்டிப் போட்டாய்ங்கண்ணே. அதோட ஞாயித்துக்கிழமையும் நின்னுபோச்சு.

போன வாய்தாவுல ஜட்ஜம்மா என்னையப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "குழந்தை கத்தினப்ப அவர் விட்டுட்டார். நீங்க ஏன் விடலை?" நான் தைரியமாச் சொன்னேன், விட்டா அது எம் புள்ளைன்னு எப்படித் தெரியும்மான்னு. அவுங்க குனிஞ்சு என்னமோ எழுதிக்கிட்டாங்க. எனக்குச் சாதகமாத்தான் எழுதியிருப்பாங்க. என் வக்கீலு மட்டும் ஏன்யா வாயத் தொறந்தன்னாரு, அந்தாளுக்கு என்ன தெரியும்.

நான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்ணே. உள்ரூமுச் சுவத்தத் திரும்பக் கட்டிட்டேன். அந்த நிலையவே வச்சு, அந்தக் கதவையே மாட்டி, சுவத்துக்கு ரோஸ் கலரு அடிச்சிருக்கேன், பாப்பாவுக்குப் பிடிக்கும். நேத்து பெயிண்டு காயிறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். திடீர்னு ஒரு நெனப்பு. ஒருவேளை அது அம்மாகிட்டன்னு சொல்லிருச்சுன்னா? தொழில்ல பட்டதுன்னு சொன்னேன்ல இந்தக் கை, தொழில்ல இல்ல. அந்தச் சுவத்துலதான் குத்துனேன். கதவுல படாமப் பாத்துத்தான் குத்துனேன். வெறும் கையி, புதுச் சுவரு, மூணு எடத்துல ரோஸ் கலரு மேல ரத்தம். திரும்ப அடிக்கணும். பயமா இருக்குண்ணே. எனக்கு அந்தப் புள்ளைய விட்டா ஒருத்தரும் இல்ல. அது என்னை வேணாம்னு சொல்லிருச்சுன்னா நான் எந்தச் சுவத்தப் போயி இடிக்கிறது?

சொல்லாது. சொல்லாது. அதுக்கு எம் மேல அம்புட்டு மரியாதை.

ஆரப்பாளையம் வந்துருச்சு. எறங்கணும். நீங்க ஒண்ணுமே சொல்லலையே, யாரு மேல தப்புன்னு. சரி விடுங்க. கொஞ்சம் நகந்துக்கங்க, பையை எடுத்துக்கிறேன்.

என்னண்ணே? ஏன் அப்படித் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க? பைதான் எடுக்கிறேன். மேல இருக்கிற பையை எடுக்கத்தான் கையத் தூக்குனேன். தலையில இருந்து கைய எடுங்கண்ணே, எல்லாரும் பாக்குறாங்க. உங்கள நான் என்ன செய்யப் போறேன்.

பாப்பாவும் இப்படித்தான்.

நீங்க எதுக்குண்ணே எனக்கு மரியாதை குடுக்கணும்? எம் பேருகூட உங்களுக்குத் தெரியாதே.

கண்டக்டரே, ஒரு நிமிசம் இருங்க, விசில் குடுத்துறாதீங்க, எறங்குறேன். அண்ணே, அந்தப் பையை நீங்களே எடுத்துக் குடுங்க. நான் கையக் கீழயே வச்சுக்கிறேன்.